கீரிப்பிள்ளைப் படத்தின் மிச்ச நிமிஷம்

1. டைட்டில் வந்தால் கட்

திருவண்ணாமலையில் ஒரு தியேட்டரில் 1989-இல் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே மேனேஜர் சம்பந்தம் மூச்சு வாங்க கேபினுக்கு ஏறி வந்து ஒரு சட்டம் சொன்னார்.

"கடைசில பேருங்க ஓட ஆரம்பிச்சா அதோட நிறுத்திடு. அத எவனும் படிக்கப் போறதில்ல. கார்பன் வேஸ்ட்டு. ஜனம் பஸ்ஸுக்கு ஓடணும், நான் கதவத் தொறக்கணும்."

கார்பன் என்பது புரொஜெக்டருக்குள் எரிந்து வெளிச்சம் தருகிற குச்சி. எரிய எரியத் தேயும். அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பெயர்கள் தலைகாட்டியதுமே பத்துப் பன்னிரண்டு வருஷம் கட் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

2. கன்னியம்மா குடும்பம்

தமிழில் டப்பிங் செய்த கார்ட்டூன் படம் ஒன்று வந்தது. அம்மா, அப்பா, நான்கு குட்டிகள் என்று ஒரு கீரிப்பிள்ளைக் குடும்பத்தின் கதை. குழந்தைகளுக்கான படம்தானே என்று இளக்காரமாக ஓட்டினேன். இரண்டாம் ரீலிலேயே கேபின் துவாரத்தை விட்டு நகர முடியவில்லை. சில வருஷம் கழித்து இரண்டாம் பாகமும், அதற்கும் பிறகு மூன்றாம் பாகமும் வந்தன. மூன்றாவதோடு கதை முடிகிறது என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள்.

முதல் பாகத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் வேனில் ஒரு குடும்பம் வந்தது. அண்ணன் முனுசாமி, தம்பி ஏழுமலை, இருவர் மனைவியரும் பிள்ளைகளுமாக ஒரு முழு வரிசை. இடைவேளையில் முனுசாமியின் மனைவி கன்னியம்மா ஒரு பொடியனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேபினுக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, கீரிப்புள்ளைங்க எங்க இருக்குதுன்னு ஒரே அழுகை. ஏழுமல பையன். ஒரு தபா காட்டிடுங்க."

அறுந்த பிலிமில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவர்களுக்கு வேண்டிய மனுஷன். இரண்டாம் பாகத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு பை வறுத்த மல்லாட்டை வந்தது.

மூன்றாம் பாகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முனுசாமி குடும்பம் வேனில், ஏழுமலை குடும்பம் பஸ்ஸில். உட்கார்ந்ததும் நான்கு வரிசை தள்ளி. படத்தின் முடிவில் நான்கு குட்டிகளும் நான்கு திசையில் போய்விட, கிழட்டுக் கீரிகள் இரண்டும் வளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. வழக்கம்போல் கட் பண்ணினேன்.

வாசலில் கன்னியம்மாவைப் பார்த்து, என்னம்மா தனித்தனியாக, என்றேன்.

"நிலத்தப் பிரிச்சாங்க, வீட்டையும் பிரிச்சாச்சு. அண்ணன் தம்பி பேசி ஆறு மாசம் ஆவுதுங்க. இந்தப் படத்துக்காவது ஒண்ணா வாங்கன்னு கேட்டுப் பாத்தேன். கடைசில இதுங்களும் பிரிஞ்சிதான் போச்சி" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

3. ஸ்பூலின் அடியில்

புதன்கிழமை மேட்னி முடிந்து, திருப்பி அனுப்புவதற்காக பிரிண்டைச் சரிபார்த்தேன். நான் பாதியில் நிறுத்துவதால் கடைசி ரீலில் மிச்சமிருக்கும் பிலிம் ஸ்பூலின் அடியிலேயே கிடக்கும். பிரிண்ட் வந்த அன்றே அதையும் உருவிப் பார்த்திருக்க வேண்டும். சோம்பல், பார்க்கவில்லை.

இப்போது உருவினேன். எழுத்து, எழுத்து, எழுத்து. திடீரென்று படம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பழைய வளைக்குள் அம்மாக் கீரி ஆறு இலை போடுகிறது. வாசலில் ஒரு வால் தெரிகிறது. பிறகு இன்னொன்று. கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்த்தேன். ஆறு இலைக்கும் ஆள் வந்துவிடுகிறது.

கீரிப்பிள்ளைகள் ஒன்றுசேர்ந்ததை இந்த ஊரில் ஒருவருக்கும் காட்டாமல் ஆறு நாள் படம் ஓட்டியிருக்கிறேன்.

4. சுவருக்கு இரண்டு பக்கமும்

மறுநாள் வியாழன், படத்துக்குக் கடைசி நாள். பௌர்ணமி வேறு. விடிந்ததும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். முற்றத்தின் நடுவில் பூசாத புதுச் சுவர் நின்றது. ஆகவே ஒரே சேதியை இரண்டு வாசலில் சொல்ல வேண்டியதாயிற்று.

"படம் முடியல. நான்தான் பாதில நிறுத்திட்டேன். இன்னிக்கு மேட்னிக்கு வாங்க. எல்லாம் திரும்பி வந்து சேருதுங்க."

முனுசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?" என்றார்.

ஆனால் பிள்ளைகள் விடவில்லை. கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வாடகை வேன்களெல்லாம் விடியற்காலையிலேயே போய்விட்டன. மிச்சமிருந்தது முனுசாமியின் மல்லாட்டை வேன் ஒன்றுதான். கன்னியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "எல்லாரும் ஏறுங்க" என்றார். ஏழுமலை பின்னால் பிள்ளைகளோடு ஏறிக்கொண்டார். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

5. கண்ணாடி ஸ்லைடு

மேட்னிக்கு முன்னால் ஒரு விளம்பர ஸ்லைடைத் துடைத்துவிட்டு மையால் எழுதினேன்: 'எழுந்திருக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.' குட்டிகள் பிரிந்ததும் அதைத் திரையோரத்தில் போட்டேன். பெயர்கள் ஓடின. பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். பிறகு இலைகள் வந்தன, வால்கள் வந்தன. ஒவ்வொரு வாலுக்கும் பிள்ளைகள் கத்தினார்கள்.

ஷோ விட்ட பிறகு ஏழுமலை கேபினுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, அந்தக் கடைசி பிட்ட இன்னொரு தபா போட முடியுமா? எங்கண்ணன் பாக்கல. நாலு மணிக்கு மேல போலீஸ் ரோட்ட அடைச்சிடுவாங்கன்னு பேரு ஓடும்போதே வண்டிய நவுத்தப் போயிட்டாரு."

"ரீலச் சுத்த அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள அவரக் கூட்டிட்டு வாங்க."

"நானா? நாங்க பேசுறதில்லண்ணே. நீங்க கூப்பிடுங்க."

"நான் ரீலச் சுத்தணுமே. நீங்கதான் போவணும்."

ஏழுமலை இறங்கிப் போனார். நான் சுற்றினேன். துவாரம் வழியாகப் பார்த்தபோது காலி ஹாலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு நாற்காலி விட்டு. கன்னியம்மா கதவோரம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார்பன் எரிகிற சத்தம் கேட்டு சம்பந்தம் ஏறி வந்தார். "ஷோ விட்டாச்சே, யாருக்குய்யா ஓட்டுற?"

"ரெண்டு பேருக்கு சார்."

அவர் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் கண்ணை எடுக்காமலே, "போகஸ் லேசா போயிருக்கு, பாரு" என்றார்.

ரிட்டயர் ஆகும்வரை அதன் பிறகு நான் டைட்டிலில் கட் பண்ணியதே இல்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது: யார் என்ன சட்டம் சொன்னாலும், ரீலை ஒருமுறை அடிவரைக்கும் உங்கள் கையால் உருவிப் பாருங்கள்.

அன்று கடைசி வால் வந்தபோது ஏழுமலை திரையைக் காட்டி ஏதோ சொன்னார். காது சரியாகக் கேட்காதது போல முனுசாமி நடு நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.