சுவரில் ஒட்டிய குன்று

எங்கள் பள்ளியில் மணியடிப்பவரை எல்லோரும் மணியக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். பதினோரு வருடமாக வகுப்புகளைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறார். பயந்த சுபாவம். தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டாலே துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார், ஏதோ திருடிவிட்டவர்போல. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தப் பயத்தைப் பார்த்தால் எரிச்சலும் சேர்ந்து வரும்.

சுற்றுச்சூழல் பாடத்தை என் தலையில் கட்டியிருந்தார்கள். உங்கள் பகுதி விலங்குகளைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுக என்று அதில் ஒரு செயல்பாடு. மணியக்காவின் குடும்பம் ஒரு காலத்தில் வேட்டையாடிப் பிழைத்தது என்று கேள்விப்பட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாகச் சுற்றி உட்கார்ந்ததும் ஆளே மாறிப்போனார். எறும்புத்தின்னி பகலில் வளைக்குள் தூங்கும், தூங்கும்போது வளையின் வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும் என்றார்.

"தெறந்து கெடந்தா வீடு காலி. மூடியிருந்து வாசல்ல ஈ மொய்ச்சா ஆள் உள்ள இருக்கு" என்று அவர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏழு வளைகள் இருப்பதையும், ஒன்றில் குட்டியோடு தாய் இருப்பதையும் அந்த உற்சாகத்தில் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் அதைப் பெரிய படமாக வரைந்தார்கள். பச்சைக் குன்று, ஏழு சிவப்புப் புள்ளி, மூன்றாவதன் பக்கத்தில் 'தாயும் குட்டியும்'. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வளைக்கும் எத்தனை அடி என்று போடச் சொன்ன அறிவாளி நான்தான். துல்லியமாக இருந்தால் பள்ளிக் கண்காட்சியில் பரிசு நிச்சயம் என்று கணக்குப் போட்டேன்.

கண்காட்சி நாளன்று ஒன்பது மணிக்கு மணி அடிக்கவில்லை. திட்டுவதற்காகத் தேடிப் போனேன். மணியக்கா கூடத்தில் அந்தப் படத்துக்கு எதிரே நின்றிருந்தார். வாளி கவிழ்ந்து தண்ணீர் காலடியில் ஓடியது. அவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

"டீச்சர், இதைக் கழட்டிடலாமா?"

"எதுக்கு? ராத்திரியெல்லாம் முழிச்சு ஒட்டியிருக்கோம்."

"பத்து மணிக்கு நாற்காலி வருதுல்ல டீச்சர். அதுக்குள்ள கழட்டிடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

நாற்காலிக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எரிந்து விழுந்தேன். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குரலே இல்லாமல் சொன்னார். வாடகை நாற்காலி இறக்க வருபவன் அவருடைய தம்பி. எறும்புத்தின்னி பிடித்து விற்று இரண்டு வருடம் சிறையில் இருந்தவன். செதிலுக்காக வாங்குகிற ஆள் இன்னமும் அவன் வீட்டைச் சுற்றுகிறான்.

"குன்னுல ஒண்ணுமே இல்லடா, எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு சொல்லித்தான் அவனை இந்த வேலைக்கு அனுப்பினேன். நாலு வருஷமா நம்பிக்கிட்டிருக்கான். மறுபடி மாட்டினா வெளிய வரவே மாட்டான் டீச்சர். நானே வாயை விட்டுட்டேனே!"

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். பரிசு வாங்கும் ஆசையில் நான்கு மூலையிலும் பசையை அப்பியிருந்தேன். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அதற்குள் வண்டி வந்து நிற்கும் சத்தம். மணியக்கா என் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தலையில் ஆறு நாற்காலிகளோடு அவன் உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு படத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. நாற்காலிகளை இறக்கி வைத்துவிட்டு, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"தாயும் குட்டியும் மூணாவதுல இல்லக்கா" என்றான். "அஞ்சாவதுக்கு மாறிடுச்சு. எட்டு நாளாச்சு."

மணியக்கா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். பயந்தவர் பிடிக்கிற பிடி, பொத்தான் தெறித்தது. "உனக்கு எப்படிடா தெரியும்? சொல்லுடா!"

"வேலை முடிஞ்சு தினமும் போறேன். தொட்டதில்லக்கா. பாத்துட்டு வந்துடுவேன்."

"ஒண்ணுமே இல்லன்னு சொன்னேனே…"

"உனக்குப் பொய் சொல்ல வருமா? அன்னிக்குக் கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டுத்தானே சொன்ன. இவ்ளோ பயந்து நீ சொல்றேன்னா தொடக்கூடாதுன்னு விட்டுட்டேன்."

நான் இறங்க, அவன் அந்த நாற்காலியில் ஏறினான். தண்ணீர் கேட்டான். காகிதத்தை நனைத்து, ஓரம் ஓரமாக உரித்து எடுத்தான். "டீச்சர், பிள்ளைங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுங்க. இடத்தை மட்டும் எழுதாதீங்க" என்றான். என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அன்று எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

படத்தைச் சுருட்டி அக்காவிடம் நீட்டினான். அவர் வாங்கிய பிறகும் அவன் விரல்கள் அதை விடவில்லை.

"நேத்தும் அந்த ஆள் வந்தான்க்கா. காசை மேசை மேல வச்சுட்டுப் போயிருக்கான்." தலையைக் குனிந்துகொண்டான். "இனிமே நான் குன்னுக்குப் போறப்ப நீயும் கூட வா. தனியா போக எனக்கே பயமா இருக்கு."

மணியக்கா சுருட்டிய படத்தோடு சேர்த்து அவன் கையைப் பிடித்தார். விடவே இல்லை.