இமேஜ் அக்கா வைத்த சத்தம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் இமேஜ் அக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மின்தடைப் புகார்களைப் போனில் வாங்கும் நிறுவனம் அது. ஒரே கூடத்தில் வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் தலையில் ஹெட்செட் மாட்டிய ஓர் ஆள். இத்தனை கம்ப்யூட்டர்களும் மக்கர் பண்ணாமல் ஓடுவது இமேஜ் அக்காவின் பொறுப்பு.

ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார்ந்து சிஸ்டம் போட்டுக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதனால் அவள் தன் அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரைத் தயார் செய்வாள். புதிதாகச் சிஸ்டம் போடுவாள். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் விளையாட்டுகளையும் விளம்பரங்களையும் வழித்து எறிவாள். புகார் பதியும் மென்பொருள், பிரிண்டர், எழுத்தின் அளவு, திரையில் கம்பெனிப் படம் என்று எல்லாவற்றையும் தன் மனதுக்குப் பிடித்த மாதிரி அமைப்பாள். பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த அடையாளத்தை அழித்துவிட்டு, மொத்தத்தையும் ஒரே கோப்பாகப் பிடித்துவைப்பாள். அதுதான் இமேஜ். விடுமுறை நாளில் நெட்வொர்க் வழியாக அதைக் கூடம் முழுக்க இறக்கிவிட்டால், அவள் ஒரு மேசையில் செய்தது எல்லா மேசையிலும் அச்சு அசலாக வந்து உட்கார்ந்துவிடும். இதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆள் தங்கம்தான், ஆனால் முன்கோபி. அதிலும் முணுமுணுப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. "வாயைத் திறந்து பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று மேலாளரையே ஒரு முறை கேட்டிருக்கிறாள். அவள் அறை சர்வர்கள் இருக்கும் அறை. மின்விசிறிகள் நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். அங்கே வந்து பேசுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். வெளியே வந்தால் மட்டும் ஏன் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள் என்பது அவளுக்கு விளங்கியதே இல்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். கணவர் டிவி சத்தத்தைக் குறைப்பார், அவள் கூட்டுவாள். அதெல்லாம் சில்லறைச் சண்டை. மகளுடன் மூண்டதுதான் பெரிய சண்டை. பள்ளி இறுதித் தேர்வு நேரத்தில் மகளின் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாள். அழுகை, கூச்சல், சாப்பிடாமல் படுப்பது எல்லாம் நடந்து முடிந்தது. அதன்பிறகு மகள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போயிட்டு வரேம்மா" என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த வார்த்தை. அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடி தாய் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பாள். கதவு மூடியபின் திரும்பிப் பார்த்தால் வாசல் காலியாக இருக்கும்.

தேர்வு முடிந்து போனைத் திருப்பிக் கொடுத்தும் மகள் மாறவில்லை. தாய்க்கு நெஞ்சு எரிந்தது. அவளும் வீம்புக்காரிதான், விடுவாளா? மகளாக வாயைத் திறக்காமல் தான் திறப்பதில்லை என்று இருந்துவிட்டாள். இப்போது மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்து, இன்னும் சில நாட்களில் விடுதிக்குப் புறப்பட வேண்டும். கொண்டுபோய் விட நான் வரமாட்டேன் என்று கணவரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

இந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் புது ஹெட்செட்டுகள் வந்து இறங்கின. அவற்றுக்காகப் புது இமேஜ் தயாரிக்க உட்கார்ந்தாள். மாட்டிப் பார்த்தால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "மலிவுச் சரக்கை வாங்கித் தலையில கட்டிட்டானுங்க" என்று திட்டிக்கொண்டே முழுச் சத்தமும் வைத்தாள். போதவில்லை. அமைப்புகளுக்குள் நுழைந்து, சத்தத்தை இன்னும் பெருக்கும் வசதியையும் போட்டுவிட்டாள். இப்போதுதான் மணி போலக் கேட்டது. கண்டபடி திருகி வைத்துவிட்டு அப்புறம் அவளிடமே புகாரோடு வருவார்களே என்று, யாரும் சத்தத்தை மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டாள். விடுமுறையன்று இமேஜைக் கூடம் முழுக்க இறக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை முதல் அழைப்புகள் வந்ததும் கூடத்தில் யாரோ வீறிட்டார்கள். அவளுக்கே அது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். வரிசை வரிசையாக எல்லாரும் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூடத்தின் மேற்பார்வையாளர் இமேஜ் அக்காவைப் பார்த்துக் கைகளை விரித்தாள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? காது கிழிஞ்சு போச்சு எல்லாருக்கும்! குறைக்கவும் விட மாட்டேங்குது."

இமேஜ் அக்கா விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள். பக்கத்து மேசை ஹெட்செட்டை எடுத்து மாட்டினாள். யாரோ ஒரு பெரியவர் தன் தெருவில் கரண்ட் இல்லை என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தெளிவாக, இதமாக, எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டது. அடுத்த மேசைக்குப் போனாள், அதற்கடுத்த மேசைக்கும். எல்லாமே சரியாக இருந்தன. அவளுக்குக் கோபம் வந்தது.

"நல்லாத்தானே கேக்குது? எல்லாரும் சேர்ந்து என்னை வச்சு விளையாடுறீங்களா?"

மேற்பார்வையாளர் அந்த ஹெட்செட்டை அவள் தலையிலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். "இதோ, இங்க வச்சாலே கேக்குதேக்கா. பெரியவர் பேசுறார் பாருங்க. 'ஃபிரிட்ஜ்ல மருந்து வச்சிருக்கேன், கெட்டுப் போயிடும்'ங்கிறார்."

சுற்றி நின்ற முகங்கள் எல்லாம் ஆமாம் என்று ஆடின. இமேஜ் அக்கா குனிந்து மேசையைப் பார்த்தாள். ஹெட்செட் அது பாட்டுக்குக் கிடந்தது. அதிலிருந்து எதுவுமே வரவில்லை.

"அக்கா," என்றாள் மேற்பார்வையாளர், இந்த முறை வேறு குரலில். "உங்களுக்குக் கேக்கலையா?"

தூக்கிவாரிப்போட்டது என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது. தன் காதுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை ஊருக்கே மாட்டிவிட்டிருக்கிறாள், அளவு தப்பென்று தெரியாமலே. கூடம் அமைதியாகிவிட்டதா, இல்லை எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்பதுகூட அவளுக்கு அப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆனாலும் செய்த வேலையைச் சரிசெய்ய வேண்டுமே. தன் அறையில் உட்கார்ந்து பூட்டை எடுத்தாள், பெருக்கத்தை நிறுத்தினாள். சத்தத்தின் அளவை எங்கே வைப்பது? அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நீ மாட்டிக்க. நான் குறைச்சுட்டே வரேன். சரியா இருக்குன்னா சொல்லு."

குறைத்தாள். மேற்பார்வையாளர் தலையாட்டவில்லை. பாதிக்கு வந்தாள். இன்னும் இல்லை. கோடு கீழே, கீழே என்று போய்க்கொண்டே இருந்தது. "இப்போ சரி" என்று அவள் கைகாட்டிய இடத்தில் கோடு ஏறக்குறையத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இமேஜ் அக்கா ஹெட்செட்டை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகக் கழற்றி வைத்தாள்.

டிவி ஞாபகம் வந்தது. முணுமுணுத்த மேலாளர் ஞாபகம் வந்தார். அப்புறம் ஞாபகத்துக்கு வந்ததை அவளால் தாங்க முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மகள் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தாய் மூச்சிரைக்க அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். வீம்பெல்லாம் வாசலோடு போய்விட்டது.

"ஏண்டி, காலையில போகும்போது நீ ஏன் எங்கிட்ட சொல்லிட்டுப் போறதில்ல?"

மகள் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். "என்னம்மா சொல்ற? தினமும் சொல்றேனே. நீதான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டே. இன்னும் கோவம் போகலைன்னு நினைச்சேன்."

"தினமுமா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லம்மா."

தாய் எழுந்து அடுப்படிக்குப் போனாள். எப்போதும் நிற்கும் இடத்தில், எப்போதும் போல முதுகைக் காட்டி நின்றாள். "இப்போ சொல்லு. கத்தக் கூடாது. வழக்கமா எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லு."

மகள் எழுந்து வாசலுக்குப் போவது கண்ணோரத்தில் தெரிந்தது. தாய் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினாள். மகள் அழுதுகொண்டு நின்றாள்.

"ரெண்டு தடவை சொல்லிட்டேம்மா."