ஒருமுறைக்கு மேல் அனுப்பாதே

காற்புள்ளி அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். ஒரு காற்புள்ளிக்காக மேனேஜரிடமே அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார். பெயர் வைத்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

அக்காவின் வேலை கையேடு எழுதுவது. எங்களிடம் வருவதற்கு முன் தண்ணீர் மோட்டார், தையல் மெஷின், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று இருபத்திரண்டு வருடம் எழுதியவர். கட்டில் கையேட்டுக்காக அதிலேயே இரண்டு நாள் படுத்து, ஒவ்வொரு பிடியையும் தானே திருகிப் பார்த்தாராம். பெட்டியைப் பிரித்ததும் ஜனங்கள் முதலில் தூக்கிப் போடுவது கையேட்டைத்தான் என்பது அவருக்கும் தெரியும். "என் வீட்டுக்காரி எழுதினதுல ஒரு பக்கம்கூட நான் படிச்சதில்ல" என்று பஸ் ஓட்டும் அவர் கணவர் எங்களிடமே சொல்லிச் சிரித்தார். அக்காவும் கூடவே சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்கு. கீழே மீனும் மருந்தும் வைக்கும் ஒன்பது குளிரறைகள். மாடியில் கம்ப்யூட்டர் பிரிவு, நாங்கள் ஆறு பேர். போன வருடம் ஒரு ஏஐ ஏஜென்ட்டைக் கொண்டுவந்தார்கள். அறைகளின் குளிர், கதவு, உதவிப் பொத்தான் எல்லாவற்றையும் அது கவனிக்கும். ஏதாவது என்றால் ஆபீஸ் சாட்டில் உரியவருக்குச் செய்தி அனுப்பும். அனுப்புவதற்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். யாருக்கு அனுப்பலாம், எப்படி எழுத வேண்டும், எப்போது அனுப்பக் கூடாது என்று அந்தக் கருவிக்கு ஒரு பக்கம் குறிப்பு வேண்டும். அதைப் படிக்கப்போவது ஏஜென்ட்தான். அக்காவிடம் கொடுத்தார்கள்.

"செய்தியில் முதலில் அறை எண்ணைச் சொல்" என்று காலையில் எழுதினார். மதியம் வந்த செய்திகளெல்லாம் அறை எண்ணோடு தொடங்கின. அக்கா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பாருங்க தம்பி, சொன்னதை அப்படியே செய்யுது. ஒரு வார்த்தை விடாம படிக்குது." அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு மெஷின் படித்ததற்கா இவ்வளவு என்று கிண்டல் செய்தேன்.

அடுத்த வாரம் மகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் அறைக் கதவு திறந்திருப்பதாக என் போனுக்குப் பதினோரு செய்திகள்; சோதிப்பவன் என்பதால் எல்லாம் எனக்கும் வரும். சரக்கு இறக்குகிறார்கள், திறந்துதான் இருக்கும். டீச்சர் முகம் சுளித்தார். மறுநாள் நேராக அக்காவின் மேஜைக்குப் போய் எரிந்து விழுந்தேன்.

"ஒரு தடவை சொன்னா போதும்னு எழுதுங்கக்கா. உயிரை வாங்குது."

"அவசரம்னா என்ன பண்ணும்?"

"அதுக்குத்தான் பொத்தானை அமுக்கினா அடிக்கிற மணி கீழ இருக்கே."

"அவசரத்துக்குன்னு தனியா ஒரு வரி சேத்துடட்டுமா?"

"முதல்ல இதைப் போடுங்க. அது அப்புறம் பாத்துக்கலாம்."

போட்டார். "ஒரே விஷயத்தை ஒருமுறைக்கு மேல் அனுப்பாதே. பதில் வரும்வரை காத்திரு." புது வரி எதையும் சோதித்துச் சரி சொல்ல வேண்டியவன் நான். இதற்கு உடனே சரி சொன்னேன். அவசரத்துக்கான வரியை அக்கா இரண்டு தடவை நினைவூட்டினார். வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். சாட்தான் இருக்கிறதே என்று கொஞ்ச நாளில் கீழே இருந்த மணியையும் கழற்றிவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை மதியம். மூன்றாம் அறையில் மீன் பெட்டி அடுக்குகிறவரை எல்லோரும் ஐஸ் அண்ணன் என்போம். வெளியே வரப் பார்த்தபோது கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. உதவிப் பொத்தானை அழுத்தினார். ஏஜென்ட் சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பியது. அவர் மேனேஜர் அறையில் மீட்டிங்கில் இருந்தார். போனை வெளியே வைத்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். ஐஸ் அண்ணன் பத்தொன்பது முறை அழுத்தினார். ஒவ்வொரு முறையும் ஏஜென்ட் தன் பதிவில் ஒரே வரியை எழுதியது: "ஏற்கெனவே தெரிவித்துவிட்டேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்." கதவை நெம்பிப் பார்ப்பதற்காக அவர் கையுறையைக் கழற்றியிருந்தார். மீட்டிங் முடிந்து சூப்பர்வைசர் செய்தியைப் பார்த்து, ஆள் போய்த் திறக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. உயிர் பிழைத்தது. வலது கையில் நான்கு விரல்கள் போயின.

விசாரணை அதிகாரியின் முன்னால் அக்கா எழுதிய பக்கம் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் எழுத்தை ஒரு மனிதர் வரி வரியாகப் படித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இந்த வரி யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"யார் சொல்லி?"

நான் அக்காவுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானாகச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார். அது இப்போது புரிகிறது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். பயம்தான், வேறென்ன.

"எழுதினது நான் சார்" என்றார் மறுபடியும்.

அந்த மாதத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து எழுதினார்: "உதவிப் பொத்தான் அழுத்தப்பட்டால், பதில் வராதபோது அடுத்தவருக்குச் சொல். அவரும் வராவிட்டால் எல்லோருக்கும் சொல். ஒரு மனிதர் போய்க் கதவைத் திறக்கும்வரை நிறுத்தாதே." சோதித்துச் சரி சொல்ல எனக்கு இருபதே நிமிடம்தான் ஆனது.

பக்கத்தை மாற்றும்போதெல்லாம் காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. யாரும் அதைத் திறப்பதில்லை. அவர் போன பிறகு திறந்தேன். பழைய வரிக்கு நேரே இருந்தது: "டெஸ்டிங் தம்பி கேட்டதால் சேர்க்கிறேன். அவசரத்துக்கு வேறு வரி தேவை. அப்புறம் பார்க்கலாம் என்கிறார்." அதிகாரியிடம் இதைக் காட்டியிருந்தாலே போதும். அக்கா காட்டவில்லை.

ஐஸ் அண்ணனுக்கு இப்போது வாசலில் வேலை. வருகிறவர்களின் பெயரை இடது கையால் எழுதுகிறார். நேற்று என்னை நிறுத்தினார்.

"சார், அந்தக்கா வாராவாரம் வீட்டுக்கு வராங்க. மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. எல்லாம் தன்னாலதான்னு நெனைக்கிறாங்க. கூடவே இருந்தவர் நீங்க. அவங்க மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"சொல்றேண்ணே" என்றேன். அவர் என்னிடம் இதைக் கேட்பது நான்காவது தடவை.