மணப்பெண்ணுக்கு வயது நாற்பத்தொன்பது

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு வீட்டு ஃபோன் அடித்தது. அந்த நேரத்தில் வருகிற ஃபோன் நல்ல சேதி சொல்லி நான் கேட்டதில்லை.

ஈரோட்டிலிருந்து என் நாத்தனார். எஸ்.டி.டி. பூத்தில் நிற்கிறார் என்பது பேச்சின் அவசரத்திலேயே தெரிந்தது.

"தப்பா நெனைக்காதீங்க. புள்ளைய அனுப்பலைங்க. கல்யாணம் ஆவாத புள்ளைக்கு மணப்பொண்ணு வேசம் போட்டா நெசக் கல்யாணம் தள்ளிப் போயிருமாமா. எங்க மாமியா ஒரே புடியா நிக்கறாங்க."

வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். என் மகள் கவிதா ஆர்.எஸ்.புரத்தில் அழகுக்கலை படிக்கிறாள். அன்று கடைசிப் பரீட்சை — மணப்பெண் மேக்கப். மாடலை அவரவரே கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாத்தனார் மகள்தான் வருவதாக இருந்தது. மாடல் இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால்... தாராபுரம்.

அங்கே ஒரு மாப்பிள்ளை காத்திருக்கிறார். "பாஸ் பண்ணுனா பார்லர் வெப்பேன், ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. ஃபெயிலானா நீங்க சொல்ற எடத்துக்குத் தலையாட்டறேன்" என்று அப்பாவிடம் ஒப்பந்தம் போட்டிருந்தாள் கவிதா.

இப்போது என்னையே பார்த்தாள்.

"அம்மா, நீங்க வாங்க."

"எனக்கு நாப்பத்தொம்பது வயசு கண்ணு."

"உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே. இனி எது தள்ளிப் போகப் போவுது?"

கூரைப் புடவையைப் பீரோவிலிருந்து எடுத்தேன். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "பொண்ணு ரெடி. மாப்பிள்ளைக்கு ஆள் பார்த்தாச்சா, இல்ல நானே போதுமா?"

மற்ற மாடல்களெல்லாம் காலேஜ் பெண்கள். நடுவில் நான். யார் கண்ணையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தேன்.

பெற்றவளின் முகத்தை ஒரு மகள் அவ்வளவு நெருக்கத்தில் எப்போது பார்க்கிறாள்? குக்கர் ஆவி அடித்த தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை... ஒவ்வொன்றின் மேலும் அவள் விரல் நின்று நின்று போயிற்று. ஈர ஸ்பாஞ்சில் பேன்கேக் முகப்பூச்சை எடுத்து ஒற்றினாள். மை தீட்டும்போது நான் இமைத்துவிட்டேன்.

"ஆடாம இரு கண்ணு" என்றாள்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் பெற்றவர்களிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். 'இரு' என்று அவள் என்னைச் சொன்னதே இல்லை. அது என் வாக்கியம். குழந்தையில் அவளுக்கு மை வைக்கும்போதெல்லாம் நான் சொன்னது. சொன்னோம் என்றே தெரியாமல், அவள் அடுத்த கண்ணுக்குப் போய்விட்டாள்.

மணி அடித்தது. "ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் வெளிய போங்க. இனி யாரும் மாடலைத் தொடக் கூடாது" என்றார் டீச்சர். மாடல்களும் தங்கள் முகத்தைத் தொடக் கூடாதாம். எங்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள்.

மார்க் போட வேண்டிய அம்மாவைக் காணோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டியவர். பஸ் தாமதம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போயிற்று.

சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வேலை? கவலைப்படும் வேலைதான். அதில் நான் கெட்டிக்காரி — உங்களுக்குத் தெரியாததா? தேறினால் ரெண்டு வருடம். தேறாவிட்டால் வருகிற முகூர்த்தம். எப்படியும் ஒரு நாள் இவளும் இந்த மாதிரி உட்காரத்தானே போகிறாள்? அன்றைக்கு இவளுக்கு யார் மை தீட்டுவார்கள்? 'ஆடாம இரு கண்ணு' என்று யார் சொல்வார்கள்?

அவ்வளவுதான். பொலபொலவென்று வந்துவிட்டது.

"ஆன்ட்டி, அழுவாதீங்க... மை கரைஞ்சு போயிரும்" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண். அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாக வந்தது. துடைக்கவும் கூடாது. கதவுக் கண்ணாடி வழியே கவிதா என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். மகளின் பரீட்சையை அம்மாவே அழித்தாயிற்று. தாராபுரத்துப் பஸ்ஸே கண் முன்னால் வந்து நின்றது.



ஒருவழியாக அந்த அம்மா வந்து சேர்ந்தார். கையில் குடை, தோளில் பை, ஒரு தம்ளர் தண்ணீர். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்றார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என் கண்ணுக்குக் கீழே ஒற்றினார். திருப்பிப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"அழுதீங்களா?"

"ஆமாங்க... மன்னிச்சுக்குங்க. புள்ள மேல தப்பில்லைங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"தாலி ஏறும்போது அழுவாத பொண்ணை நான் இன்னும் பார்க்கலைங்க அம்மணி. மத்தவங்க மூஞ்சில நான் தண்ணி தெளிச்சுத்தான் பார்க்கோணும். உங்க புள்ளைக்கு அந்தப் பரீட்சையை நீங்களே வெச்சுப்போட்டீங்க. பாஸுங்க... இனி நல்லா அழுங்க."