ஜன்னல் திறந்துவிடுகிறவள்

கரைத் தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகளின் சாவிகளெல்லாம் ஒரே ஆளிடம்தான் இருந்தன. அதனால் அவளுக்குச் சாவியக்கா என்றே பேராகிவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் யார் வாயையும் திருத்தப் போகவில்லை.

முதல் சாவி வந்தது ஐஸ் ஃபேக்டரி மூடிய வருஷம். ஐஸ் இல்லாமல் மீனைப் பிடித்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? படகுகள் அக்கரைத் துறைக்குப் போயின. படகுக்குப் பின்னாலேயே ஆட்களும் போனார்கள். தெருமுனைத் தையல்காரர் பெட்டி படுக்கையோடு கிளம்பும்போது சாவியை அவள் கையில் வைத்து, "அக்கா, அப்பப்ப ஜன்னலை மட்டும் திறந்து விடுங்க. சீக்கிரம் வந்துருவோம்" என்றார். அவருக்குப் பிறகு போனவர்களும் இதையேதான் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது அவர்களுக்கு அது நிஜமாகவே இருந்தது.

அந்தத் தெரு வீடுகளுக்கு வாசல் தெருவில், முதுகு தண்ணீரில். பூட்டிப்போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. பீரோவில் மடித்து வைத்த துணியில் பூஞ்சை படரும், கதவு உப்பிக்கொண்டு நிலையைவிட்டு அசையாது. சாவியக்கா அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். சுவரில் வெயில் ஏறிய பிறகுதான் வீட்டைத் திறப்பாள். முதலில் தெருப்பக்கத்து ஜன்னல்கள். தண்ணீர்ப் பக்கம் கடைசியில், அதுவும் கொஞ்ச நேரம்தான். மெத்தையை நிமிர்த்திச் சாய்ப்பாள். பீரோவுக்குள் கரித்துண்டு போடுவாள். குழாயில் துருத் தண்ணீர் போய்த் தெளிகிறவரை திறந்துவிட்டு நிற்பாள். போகிற போக்கில் கனைத்துக்கொண்டு, ரெண்டு வார்த்தை உரக்கப் பேசுவாள்.

"வீட்ல ஆள் இருக்குன்னு கரையானுக்குத் தெரிய வேணாமா?"

அவள் புருஷன் படகு மோட்டார் மெக்கானிக். "கரையான்கிட்ட பேசின நேரம் போக மிச்சம் இருந்தா, எங்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசு" என்பார்.

ஊர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மாறியிருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள். மருந்துக்கடை மதியம் மூட ஆரம்பித்தது, அப்புறம் திறக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தை அக்கரைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்தார்கள். அக்கரைக்குப் போகும் படகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சுருங்கியது. மீன் ஏலம் போட்ட கொட்டகை ஹோட்டலாயிற்று. அங்கே இப்போது கண்ணாடிக் கதவு. கரையோரம் நீலநிறக் கம்பி வைத்து, தண்ணீரைப் பார்த்தாற்போல் பெஞ்சுகள் போட்டார்கள். ஊர்க்காரர்கள் எந்தக் காலத்திலும் தண்ணீருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்கள். நாளெல்லாம் வேலை செய்த இடத்தையே உட்கார்ந்து வேறு பார்ப்பார்களா? பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தது வெளியூர் ஜனம். அவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "என்னா அமைதி!" என்றார்கள்.

அந்த அமைதி என்னவென்று மெக்கானிக் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று அவளுக்குத் தெரிந்தது. கனத்த உடம்பு. அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. தெருவுக்கு ஓடி வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எந்தக் கதவையும் அவளால் திறக்க முடியும், ஆனால் தட்டினால் திறக்க ஒரு கதவுக்குப் பின்னாலும் ஆள் இல்லை. கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ரெண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். சாயங்காலப் படகில் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் மெக்கானிக்கின் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எழுந்திருக்க, உட்கார, குளிக்க, எல்லாவற்றுக்கும் ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. சாவியக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அடுத்த வீடு அவனுடையது. அப்பா வீட்டையே நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தது. நகரத்தில் வேலை, அவன் சாவியும் அவளிடம்தான்.

"இந்த வருஷத்தோட ரிட்டையர் ஆயிடறேன்க்கா. அப்புறம் என்ன, அங்க வந்துட வேண்டியதுதான்" என்றான் தம்பி. "மாமாவ நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா தூங்கு."

அந்த ஒரு வார்த்தை போதும். மற்ற வீடுகளில் ஜன்னல் மட்டும் திறந்தவள், தம்பி வீட்டில் குடியே இருந்தாள் என்று சொல்லலாம். ஜன்னல் சட்டங்களைத் தேய்த்துத் தானே வர்ணம் அடித்தாள். சமையலறை அலமாரிக்குக் கீல் மாற்றினாள். தம்பி பெண்டாட்டிக்கு முட்டிவலி என்று ஆள் பிடித்துப் பின்படியில் கைப்பிடி வைத்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் போனில் படம் எடுத்து அனுப்பினாள். வெயில் எப்போது எந்த அறைக்குள் விழும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துப் போய் எடுப்பாள். தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பதில் அனுப்புவான். தம்பி மகனிடமிருந்துகூட வந்தது: "சூப்பர் அத்தை! பின்பக்கம் தண்ணி தெரியற மாதிரி ஒண்ணு அனுப்புங்க."

அனுப்பினாள்.

தம்பி ரிட்டையர் ஆன பிறகு வந்தான். காலைப் படகில் கையில் ஒரு சின்னப் பையோடு. கூடவே ஒரு புரோக்கரும் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும். வந்தவர்கள் யாரென்று தம்பி சொல்வதற்குள் அந்த அம்மா, சாவியக்கா திறந்துவிட்ட கதவு வழியே உள்ளே போய், சுவரைத் தடவி, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"தண்ணி ஓரத்து வீடு மாதிரியே இல்லையே! ஈரவாடை துளிகூட இல்ல. இந்தத் தெருவுல நாங்க பாத்ததுலயே இதுலதான் உடனே டூரிஸ்ட் ஆளுங்களைத் தங்க விடலாம் போல இருக்கு. படத்துல பாத்தப்பவே எனக்குப் பிடிச்சுப் போச்சு."

"எல்லாம் எங்கக்கா கைவண்ணம்" என்றான் தம்பி, பெருமையாக.

சாவியக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் மாடி பார்க்கப் போனதும் தம்பியைக் கேட்டாள்.

"அப்ப நீ வரல."

"பையன்தான் நீ அனுப்புன படத்தையெல்லாம் சும்மா நெட்ல போட்டான்க்கா. நானே எதிர்பாக்கல, ஆளாளுக்குக் கேட்டுட்டாங்க. அவளுக்கு முட்டிவலி, டாக்டர் வேணும்னா படகு ஏறணும். இங்க யாருக்கா இருக்கா?"

"நான் இருக்கேன்டா."

தம்பி தரையைப் பார்த்தான். "அதான் நானும் சொல்றேன். நீங்களும் வித்துட்டுக் கிளம்புங்க. புரோக்கர் இங்கதான இருக்கார், ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்றேன்."

புரோக்கர் வந்து பார்த்தார். சாவியக்கா ஊர் வீட்டையெல்லாம் காயவைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் வீட்டு ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. குளியலறைச் சுவரில் புரோக்கர் விரலை வைத்தார். சுண்ணாம்பு ஈர மாவு போல விரலோடு வந்தது. அவர் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "பாக்கலாம்மா" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. தம்பி அக்கா வீட்டில் சாப்பிட்டான், மாமாவின் காலை அழுத்திப் பார்த்தான், கண்கூடக் கலங்கினான். சாயங்காலப் படகுக்குப் போய்விட்டான்.

"மச்சான் வீட்டைப் பாத்துக்கறேன்னு பாத்துக்கல நீ" என்றார் மெக்கானிக். "பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு அலங்காரம் பண்ணி உக்கார வெச்சிருக்க."

அவள் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் ஒரு வீட்டையும் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உப்பட்டும், ஊறட்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடட்டும். யாருக்கும் வேண்டாத வீடாகிவிட்டால் விற்க முடியாது. விற்க முடியாதவர்கள் என்றைக்காவது திரும்பித்தானே ஆகவேண்டும்? கோபத்தில் வந்த கணக்கு என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் காலையில் வெயில் சுவரில் ஏறுகிற நேரம் கை தானாகச் சாவி மாட்டிய கொக்கிக்குப் போகும். இழுத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பாள்.

"என்ன, கரையான் கூட சண்டையா?" என்றார் மெக்கானிக்.

"பேச்சுவார்த்தை இல்ல" என்றாள்.

மழை விட்டதும் போன் வந்தது. மாடிவீட்டு டீச்சர், பள்ளிக்கூடத்தை அக்கரையோடு சேர்த்தபோது அங்கேயே குடிபோனவர். வீட்டை ஹோட்டல்காரர்களுக்குக் கொடுத்தாகிவிட்டதாம்.

சாவியக்கா குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர், நான் இந்தத் தடவை... உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும். மாடி ஒழுகியிருந்தாலும் ஒழுகியிருக்கும். நான் திறக்கவே இல்ல."

"ஐயோ, அதுக்கென்னம்மா?" என்றார் டீச்சர். "எப்படியும் இடிச்சிட்டுத்தான் கட்டப் போறாங்க. வீடு எப்படி இருந்தா அவங்களுக்கு என்ன? இத்தனை வருஷம் நீ ஓடினதே பெருசு. உனக்கும் வயசாகுதுல்ல, இனிமேலாவது உக்காரு."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். சரி டீச்சர் என்று போனை வைத்தாள்.

"யாரு?" என்று குளியலறை வாசலிலிருந்து மெக்கானிக் கேட்டார். முக்காலியில் உட்கார்ந்து குளிக்கக் காத்திருந்தார்.

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்ட இவ்வளவு நேரமா பேசின?"

அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, அவர் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தாள். முதல் தடவை தூக்க முடியவில்லை. இரண்டாவது தடவையும் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் இரு" என்றார் மெக்கானிக். "மூச்சு வாங்கிக்கோ."

இரண்டு பேரும் இருந்தார்கள்.