இரும்பு தின்ற பீப்பாய்

பீப்பாய்க்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிய சோலைமலையின் விரலில் ஒரு கயிறு சிக்கியது. இழுத்தான். கறுப்புக் கயிறு. அதன் நுனியில் வட்டமாக ஒரு சிவந்த தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் பட்டதும் நனைந்த அப்பளம்போல உடைந்து நீலத் தண்ணீரில் விழுந்தது. கையில் கயிறும், ஓட்டையைச் சுற்றி நகத்தளவு துணுக்கும் மிஞ்சின.

அந்த முடிச்சை அவனுக்குத் தெரியும். அப்பா போட்டது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்து கலக்கும் ஆள் அவன். தேயிலையில் கொப்புள நோய் கண்ட பிறகு, ஐந்தாறு வருடமாகச் செம்பு மருந்தைக் கரைத்துச் செடிகளுக்கு அடிக்கிறார்கள். அடியில் தங்கும் மண்டியைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த குழியில் கொட்டினார்கள். குழியைச் சுற்றிப் புல்கூட முளைப்பதில்லை. ஒரு நாள் லொறிக்காரர் பத்திநாதன் பழைய பெட்டரியின் அசிட்டை அங்கே கவிழ்த்தார். மண்டி கரைந்து நீலமாக ஓடியது. அதில் கிடந்த தேயிலைப் பெட்டியின் இரும்பு வளையம் மறுநாள் சிவந்திருந்தது. சுரண்டினால் செம்பு.

அதிலிருந்து சோலைமலை தானாகவே ஒரு வழி கண்டான். மண்டியைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டு, அசிட் கலந்த தண்ணீரை மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். கீழே வடிந்த நீலத் தண்ணீரை மரப்பீப்பாயில் பிடித்து, அதற்குள் இரும்பைப் போட்டான். நாலைந்து நாளில் சிவந்த சேறாகச் செம்பு படிந்தது. விரல் நகங்கள் பச்சையாகிவிட்டன. வழித்து உலர்த்திச் சேர்த்தால் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு கலசம் வார்க்கலாம் என்று கோயில் தலைவர் சொல்ல, லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் கூடிப் பேசி, வீட்டுக்கு ஓர் இரும்பு, அவரவர் கையாலேயே போட வேண்டும் என்று வைத்தார்கள். கவ்வாத்துக் கத்தி, தேய்ந்த மண்வெட்டி, லாடம் எல்லாம் வந்தன. கங்காணியின் நெஞ்சையும் போடலாமா மச்சான், அதுவும் இரும்புதானே என்று பக்கத்து வீட்டு அழகுமுத்து கேட்டுவிட்டுப் போனான். இரும்பு எப்படிச் செம்பாகும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சோலைமலை ஒன்றையே சொன்னான்: உள்ளே போடு, அப்படியே செம்பாக மாறிவிடும்.

பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லி அவன் பெயருக்குக் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. இங்கே பிரஜையாக, முப்பத்தொன்பதாம் வருடத்திலிருந்து நாட்டைவிட்டுப் போகவில்லை என்று காட்ட வேண்டும். இந்தத் தோட்டத்து ஆட்களின் பேரேடான செக்ரோலில் அவன் பெயர் நாற்பத்திரண்டில்தான் ஏறியது. அதற்கு முன் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டம். அது கைமாறி, மூன்றாகப் பிரிந்து, பெயரும் மாறிப்போனது. தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர் ஜோர்ஜ் ஒரு வழி சொல்லியிருந்தார். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தபோது அப்பாவின் கழுத்தில் மாட்டிய தகரத் துண்டு இருக்கிறதே, அதில் அந்தத் தோட்டத்து நம்பர் வெட்டியிருக்கும். அதைக் காட்டினால் பழைய பதிவைத் தேடச் சொல்லலாம்.

விசாரணை நாளைக்கு.

மாலை லயத்துக்குப் போனபோது மனைவி காளியாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவன் கயிற்றை அவள் முன்னால் வைத்தான்.

"இத எப்ப போட்ட புள்ள?"

"போன வெள்ளிக்கெழம. தலைக்குக் குளிச்சிட்டுத்தான் போட்டேன்." அவள் கயிற்றைப் பார்த்துவிட்டு அவன் கையைப் பார்த்தாள். "துண்டு எங்கங்க?"

அவன் கயிற்று நுனியில் ஒட்டியிருந்த துணுக்கைக் காட்டினான்.

"எல்லாரும் ஒடஞ்சதும் தேஞ்சதும் போட்டாங்க. ஆத்தாளுக்குக் கழிவக் குடுக்கலாமா? நம்ம வீட்டுலயே மூத்த இரும்பு அதுதான். வெசாரணை நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேன்." குரல் தாழ்ந்தது. "அப்படியே செம்பா மாறிரும்னு சொன்னீங்களே. நம்பரும் செம்புல இருக்கும், நாளைக்குக் காட்டிட்டு அப்புறமா கலசத்துக்குக் குடுத்துரலாம்னு நெனச்சேங்க."

அப்படித்தான் அவன் சொல்லியிருந்தான். இரும்பு கரைந்து போகும், அது இருந்த இடத்தில்தான் செம்பு வந்து உட்காரும் என்று அவன் எவரிடமும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் கேட்க நன்றாயிராது.

அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பினான். எழுதப் படிக்கத் தெரியாதவன். ஆனால் சிறுவயதில் அப்பாவின் மார்பில் படுத்துக்கொண்டு அந்தத் துண்டில் வெட்டிய நம்பரை எத்தனையோ தடவை விரலால் தடவியிருக்கிறான். தூண்டில் முள்போல ஒன்று வரைந்தான். பக்கத்தில் ஒரு வட்டம். பிறகு இன்னொன்று உண்டு. விரல் சாம்பலின் மேலேயே நின்றது. வளைவா, நேர்கோடா?

"கிளாக்கர் ஐயா பாத்திருப்பாரே," என்றாள் காளியாயி.

ஜோர்ஜின் வீட்டுக்கு ஓடினான். துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தது உண்மைதான் என்றார் ஜோர்ஜ். நீ கொண்டு வரத்தானே போகிறாய் என்று நினைத்து நம்பரைக் குறித்துக்கொள்ளவில்லையாம். அப்புறம் டீ குடிக்கிறாயா என்று கேட்டார். அவன் வேண்டாமென்று திரும்பினான்.

காளியாயி சாம்பலை அள்ளவில்லை. அதைச் சுற்றிப் பாய் விரித்திருந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் டவுனுக்குப் போனார்கள். பத்தே முக்காலுக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார். முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்திரண்டு வரை எங்கே இருந்தாய் என்பது கேள்வி. பூண்டுலோயா என்றான். அத்தாட்சி கேட்டார்கள். கயிற்றை மேசைமேல் வைத்தான். அதிகாரி அதைப் பென்சிலால் ஒதுக்கிவிட்டு எழுதினார். மனு தள்ளப்பட்டது, கடிதம் பின்னால் வரும் என்று தமிழில் சொன்னவர் சொன்னார். ஒரு மணி பஸ்ஸில் திரும்பினார்கள். அன்று பின்னேரம் கோயில் தலைவர் வந்து, பீப்பாயிலிருந்து வழித்துக் காய வைத்திருந்த செம்பையெல்லாம் ஒரு மாவுத் தகரத்தில் அள்ளி, கலசம் வார்க்க ஹட்டன் கன்னானிடம் கொடுக்க எடுத்துப் போனார். சோலைமலை பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவினான். காளியாயி கொழுந்து பறிக்கப் போகாததால் அவளுக்கு அன்றைக்குக் கூலிக்கான பேர் விழவில்லை.