வெயில் படாத இடத்து நிறம்

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரின் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருமை. மனைவி அதை வெறும் மங்கு என்றாள். நானோ எனக்குப் பிறகு பைக் யாருக்கு என்பதுவரை முடிவு செய்துவிட்டுத்தான் போயிருந்தேன். மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். டார்ச் போன்ற ஒரு கருவியைக் கன்னத்தில் வைத்தார். உள்ளே வெளிச்சம் மின்னி ஒரு எண் வந்தது. பிறகு மேல்கையின் உள்பக்கத்தில் வைத்து இன்னொரு எண் எடுத்தார்.

"வெயில் படாத எடத்துல பாத்தாத்தான் சார் பிறவி நிறம் தெரியும். ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசத்தை வச்சு மருந்து கேக்குதான்னு பாப்போம்."

கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கு ஆள் மாறுமாம், கருவி சொன்னால் மாறாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கருவியே இல்லாமல் எங்கள் மாமா என்றைக்கோ கண்டுபிடித்திருந்தார். அதைக் கெடுத்தவன் நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அருமனையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு. ஒரே வாரத்தில் அக்காவைத் தேடி இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, நர்சிங் படிக்க இடம் கிடைத்ததாகச் சொன்னது. அதை அவள் வேதபுத்தகத்துக்குள் வைத்துவிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை வேதம் வாசித்தாள். அவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். மற்றது மாப்பிள்ளை வீட்டுக் கடிதம். பெண்ணின் நிறத்தை உள்ளது உள்ளபடி எழுதும்படி மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருந்தார். கல்யாணம் கூடிவந்தால் படிப்பு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மாநிறம் என்று எழுதலாம் என்றாள் அம்மா. குழித்துறையில் பெயின்ட் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"மாநிறம்னு எழுதினா கறுப்புன்னு வாசிப்பாவ அக்கா. செவப்புன்னு எழுதினா மாநிறம்னு வாசிப்பாவ. நம்பரைப் போட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது."

மறுநாள் ஷேட் கார்டோடு வந்தார். மடிப்பு மடிப்பாக விரியும் நீள அட்டை. வெண்ணெயில் தொடங்கிக் காப்பிப்பொடிவரை சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண். அம்மா அதை அக்காவின் கன்னத்தில் வைக்கப் போனபோது மாமா தடுத்தார்.

"செவருக்க சொந்த நெறம் தெரியணும்னா, மாட்டின படத்தைத் தூக்கிட்டுப் பின்னால பாக்கணும். மத்ததெல்லாம் வெயிலுக்க வேலை."

அக்காவின் மேல்கையின் உள்பக்கத்தில் அட்டை நகர்ந்து நகர்ந்து ஒரு கட்டத்தில் நின்றது. பிளேடால் அந்தக் கட்டத்தை வெட்டியெடுத்து, எண்ணோடு கடிதத்தில் ஒட்டினார். அப்பா முதல் தடவையாக மைத்துனரை மரியாதையோடு பார்த்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை.

ஓட்டை விழுந்த அட்டை எனக்குக் கிடைத்தது. அந்த ஓட்டைக்குள் உலகத்தை விட்டுப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். காலையில் ரப்பர் இலைகளுக்குக் கீழே என் கை பாசி படிந்ததுபோல் இருந்தது. உச்சி வெயிலில் செங்கல் ஆனது. சாயங்காலம் தேன். ஓடைக்குள் முக்கினால், அட்டையில் எங்கும் இல்லாத ஒரு நிறம் கையிலிருந்து கழன்று தண்ணீரோடு போவதுபோல் நெளிந்தது. ஒரே நாளில் ஒரே கைக்கு எத்தனை எண்கள்! நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியவில்லை.

அந்த மிதப்பில்தான் அட்டையை அக்காவின் கன்னத்தில் வைத்தேன். பொருந்தவில்லை. கன்னம் ஓட்டையிலிருந்து நாலு கட்டம் தள்ளி, காப்பிப்பொடிப் பக்கம் இருந்தது.

மாமா கடையில் பார்த்திருக்கிறேன். நிறம் பொருந்தாவிட்டால் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அக்காவையும் அப்படித்தான், கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு காரில் ஏற்றிவந்து, முற்றத்தில் இறக்கி வைத்து, நாங்க கேட்ட நிறம் இது இல்லை என்பார்கள். அந்தத் துக்கத்தில் எனக்கு மூன்று துண்டு புட்டுக்குப் பதில் இரண்டுதான் இறங்கியது. வெயில் படாமல் காத்தாலாவது நாலு கட்டம் குறையாதா என்று, அவள் கிணற்றடிக்குப் போனால் குடையோடு பின்னால் போனேன்.

"எதுக்குலே கொடையப் பிடிச்சுட்டுப் பொறத்தால வாற?"

சொன்னேன். அக்கா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்போ, அவிய வரும்போ நீ இதைச் சொல்லிருவியா?"

"செத்தாலும் சொல்லமாட்டேன்!"

அவள் முகம் வாடிவிட்டது. உள்ளே போய், தன் பங்குப் பலகாரமான முந்திரிக்கொத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"சண்டே ஸ்கூல்ல ஒனக்கு என்ன மக்கா படிப்பிச்சாவ? பொய்யை மறைச்சு வைக்கவனுக்கு என்ன கிடைக்கும்?"

"நரகம்."

"அங்க தீ எப்பிடி இருக்கும்?" என்று ரொம்ப அன்பாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். தேநீர் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் திறந்து, வெட்டிய கட்டத்தை இரண்டு விரலால் எடுத்து, "இஞ்ச வா பிள்ளே" என்று அக்காவை அழைத்தார். கட்டம் கன்னத்தை நெருங்கியது. எனக்குக் கண்ணெதிரே தீ எரிந்தது.

"அது மொகத்துக்க நெறம் இல்ல! கைக்க உள்பக்கம்! இன்னா, இங்க!"

சட்டைக் கையைச் சுருட்டித் தூக்கி, அக்குள்வரை காட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். மாமா கடித்த பிஸ்கட்டை மென்று விழுங்க மறந்தார். மாப்பிள்ளையின் அம்மா கட்டத்தைத் தேநீர்த் தட்டில் வைத்தார்.

"அப்போ ஒங்க பிள்ளை காலத்துக்கும் கையத் தூக்கிட்டா நிக்கும்?"

அவர்கள் படியிறங்கிய உடனே அப்பா வேலியில் கம்பு ஒடிக்கும் சத்தம் கேட்டது. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரைக்குள் ஓடி ஒளிந்தேன். அன்று தீ போட்டிருக்கவில்லை. மேலே ஒரு கண்ணாடி ஓடு. வரிசையாகத் தொங்கிய ஷீட்டுகளின் ஊடே வெயில் தேனாக இறங்கி, தரை, சுவர், என் முழங்கால் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருந்தது. அக்கா தேடி வந்து பக்கத்தில் குந்தினாள். தாவணித் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். தோள்கள் குலுங்கின. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"அழாத அக்கா. நான் பெரிய ஆளாகி ஒனக்கு வேற மாப்பிள்ள கொண்டாறேன்" என்றேன்.

அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். வெளியே அம்மா கத்தினாள்: "ஏட்டி, அந்தக் கழுத அங்க உண்டா?"

அக்கா துணியை எடுத்து, "இங்க இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் திணித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவள் டிரங்குப் பெட்டியோடு நர்சிங் படிக்க பஸ் ஏறினாள். அவள் வாழ்க்கையைக் கெடுத்து ஊரைவிட்டே துரத்திவிட்டேன் என்று, நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அழுகிறவள் கண்ணைத்தானே துடைப்பாள், வாயை எதற்கு அடைத்துக்கொள்ள வேண்டும் என்று, புகைப்புரையின் அந்தத் தேன் வெளிச்சத்தில் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவே இல்லை.